வாஷர் பிடிக்கிற சத்தம்

தை மாசப் பொருட்காட்சியில் பலூன் சுட்டேன்.
கடைக்காரப் பையன் குழலை லேசாக வளைத்து வைத்திருந்தான்.
மூன்று குண்டு வீணான பிறகு
வலப்பக்கம் ஒதுங்குகிறதென்று பிடிபட்டது.
மிச்சம் ஏழையும்
பலூனுக்கு நாலு விரல் இடப்பக்கம்,
வெறும் பலகையைப் பார்த்துச் சுட்டேன்.
ஏழும் வெடித்தன.
"அக்கா, நாளைக்கு வந்துராதீங்க" என்றான்.

அதிலிருந்து ஓர் ஆசை. வேறு காரணம் இல்லை.
"ஏம்புள்ள, ஆரைச் சுடப்போற?"
சென்னியப்பன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார்.
காகிதத்தை, என்றேன்.
"காகிதம் உனக்கு என்ன பண்ணுச்சு?"

ஆவாரம்பாளையத்தில் பத்தொன்பது வருசமாக
மோட்டார் பம்பு சோதிக்கிறேன்.
தண்ணீர் எத்தனை மீட்டர் ஏறுகிறது
எந்த மூட்டில் கசிகிறது
எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுகிற வேலை.
காகிதம் எனக்கு நிறையப் பண்ணியிருக்கிறது.

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில்
தூண்டில், கேரம்போர்டு, பூப்பந்து மட்டை,
கண்ணாடிக்குள்ளே கைத்துப்பாக்கி.
யூசுப் பாய் என் சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"தோட்டத்துல மயில் தொந்தரவுங்களா?"
மயில் எதைத் தின்றாலும்
அது மருதமலைக்காரர் கணக்குங்க.
எனக்கு அட்டை, சுவர், பத்து மீட்டர். அவ்வளவுதான்.

முதலில் கேஸ் குப்பி போடுகிற ஒன்றை எடுத்து வைத்தார்.
அசல் போலவே கனம், அசல் போலவே கறுப்பு.
குப்பி ஒன்றுக்கு எத்தனை குண்டு?
அறுபது வருமுங்க. அப்புறம்?
அப்புறம் சில்லிட்டுப்போய்க் குண்டு தாழ்ந்து விழுமுங்க.
தீபாவளிக்கு வாங்கி
பொங்கலுக்குப் பரண் ஏறுகிற சாமான்.

அடுத்தது சுருள்கம்பி.
இழுத்து விட்டால் கையையே உதறுகிறது,
பிரேக் போட்ட டவுன் பஸ் மாதிரி.

கடைசியாக, மனசில்லாமல்,
கீழ்த்தட்டிலிருந்து பம்பு வைத்தது.
பிளாஸ்டிக் பிடி. வாட்டர் டேங்க் மூடியின் நிறம்.
நாலாயிரத்து அறுநூறு.
"இது பசங்க வாங்கறதுங்க" என்றார்.

நெம்புகோலைத் திறந்து ஒரே அழுத்து.
காற்றை அடைத்து
காதோரம் வைத்துக்கொண்டு நின்றேன்.
கடைக்குள் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
பாய் நிறுத்தினார், பாவம், சித்திரை வெயிலில்.

ஸ்ஸ்.
நூலிழை அளவுதான். ஆனால் ஸ்ஸ்.
"வாஷர் கடிக்கலீங்க. வேற பீஸ் காட்டுங்க."
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில்
எதுவும் கேட்கவில்லை.
எதுவும் கேட்கவில்லை என்பது
எனக்கு எவ்வளவு பிடித்த சத்தம் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

குண்டு டப்பாவோடு ஐயாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி.
சுவரை ஒட்டி, பனியன் கம்பெனிப் பெட்டியில்
கழிவுப் பஞ்சை அமுக்கித் திணித்து,
பின்னால் இரும்புத் தகடு,
முன்னால் கம்பெனியில் வீணான ரிஜெக்ட் சீட்டு,
அதன் நடுவில் என் பொட்டு.
படிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.
வேலைக்குப் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.
சென்னியப்பனுக்கும் ஒன்று;
வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு
என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு அழுத்து.
குப்பி வேண்டாம், கரண்ட் வேண்டாம்.
என் தோள் கொடுத்த காற்று
அப்படியே அட்டைவரை போய்ச் சேருகிறது.
ஆறாவதில் மூச்சு வாங்கியது. பொறுத்தேன்.
அடுத்த மாடிக்காரி துணி எடுக்க வந்தாள்,
கீழே வைத்துவிட்டு அவள் போகும்வரை
வெயிலைப் பற்றிப் பேசினோம்.

பத்துக் குண்டு.
ஒன்பது ஓட்டை.

"ஒண்ணு போயிருச்சு" என்கிறார் அவர்.
ஒரே ஓட்டையில் ரெண்டு போயிருக்கும் என்கிறேன் நான்.
"அதெப்படி?"
அதெப்படி இல்லை?

இப்போது பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி
மாடியெல்லாம் பறக்கவிட்டு
ஈயப் பொடிசுகளைத் தட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறார்.
எட்டு வரைக்கும் வந்திருக்கிறது.
அந்தத் தட்டில் இனிமேல் பஜ்ஜி வைக்க முடியாது.